விலாசினி வாயில் வைத்திருக்கும் பாதி வார்த்தை

விலாசினியின் நாக்கில், நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, நல்லமிளகு அளவில் கருப்பாக ஒரு மச்சம் உண்டு. உதட்டுக்கு மேலே இருந்திருந்தால் கல்யாண ஆல்பத்தில் அதற்கென்றே தனியாக ஒரு படம் எடுத்திருப்பார்கள். நாக்கில் இருந்ததால் ஊர் அவளுக்குக் கரிநாக்கு என்று பேர் வைத்தது. பாறசாலையிலிருந்து தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் போகும் சாலையில் எந்தக் கடையில் நின்று விலாசினி வீடு எது என்று கேட்டாலும், "எந்த விலாசினி, கரிநாக்கா?" என்பார்கள். பிறகு அப்படிச் சொல்லிவிட்டோமே என்று பயந்து, வழி சொல்லாமலே கடைக்குள் போய்விடுவார்கள்.

கரிநாக்குக்காரி ஒன்றைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்று சொன்னால் அது பிறகு நன்றாயிராது. அவ்வளவுதான் இதில் உள்ள சாஸ்திரம். நன்றாயிருக்கிறது என்பதற்கு இந்தப் பக்கத்தில் கொள்ளாம் என்பார்கள். மற்றவர்கள் ஒரு நாளைக்கு நாற்பது தடவை வாய்க்கு வந்தபடி சொல்லும் அந்தச் சொல், விலாசினிக்கு மட்டும் ஏழு வயதிலேயே விலக்கப்பட்டுவிட்டது. பெரியப்பாவின் புதுச் சைக்கிளைப் பார்த்து அவள் "கொள்ளாமே" என்றாள். அன்று சாயங்காலம் சைக்கிள் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு கால்வாய்க்குள் போயிற்று. பெரியப்பா மூக்குமுட்டக் குடித்திருந்தார் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. சின்னப் பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லி, மத்தியானச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள். மச்சம் இருந்தது.

அன்று மூடிய வாய்தான். கல்யாண வீடுகளில் பெண்ணைப் பார்க்க முன்னால் போகமாட்டாள். பால்காய்ச்சு நடக்கும் புதுவீட்டில் தரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிட்டு வருவாள். சிரிப்பு வந்தாலும் உதட்டை மூடிக்கொண்டு மூக்கால்தான் சிரிப்பாள். அவளைக் கட்டிய கனகதாஸ், ஆரியங்கோட்டில் ரப்பர் பால் வெட்டப் போகிறவன், கல்யாணம் கழிந்த மூன்றாம் நாள் அவள் கொட்டாவி விடும்போது மச்சத்தைக் கண்டுவிட்டான். ஒரு மகன் பிறந்து வளர்ந்தும், இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டில் ஒரு சண்டை கிடையாது. எவ்வளவு ஒற்றுமை என்று ஊர் சொல்லும். பயம் என்று கனகதாஸ் சொல்வான், அதுவும் அவள் கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து.

இவ்வளவு அடக்கமான பெண் உண்டா என்று பலரும் மெச்சினார்கள். அந்த மெச்சுதலில்தான் விலாசினிக்குக் கூச்சம். ஏனென்றால் நாக்கில் இருந்தது வெறும் மச்சமாக இருக்கலாம். மனதில் இருந்தது சுத்தமான பொறாமை. அடுத்த வீட்டு மாடிப்படியின் கைப்பிடி பளபளத்தால் இவளுக்கு வயிறு எரியும். ஒருத்தி புதுச்சேலையில் நடந்து போனால் இவள் நாக்கின் நுனி அரிக்கும். அந்த அரிப்பு எழும்போதெல்லாம், சொல்லித்தான் பார்ப்போமே என்று ஒரு குறும்பும் கூடவே எழும். ஊர் நாக்கைக் கண்டு பயந்தது. விலாசினி தன்னைக் கண்டு பயந்தாள்.

ஐம்பதாவது வயதில் அவள் ஹரித கர்ம சேனையில் சேர்ந்தாள். பச்சைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, மாதம் ஒருமுறை வீடுவீடாகப் போய் பிளாஸ்டிக் குப்பையைச் சாக்கில் வாங்கி, கதவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கட்டத்தைப் போனில் ஸ்கேன் பண்ணிவிட்டு வரவேண்டும். கூட்டாளி செல்லபாய். முப்பத்தெட்டு வயது, மூச்சுவிடாத பேச்சு. பேச ஒருத்தி, சாக்கு பிடிக்க ஒருத்தி என்று ஏற்பாடு. ஆனால் செல்லபாய் என்ன பேசியும் சனங்கள் மசியவில்லை. "இங்க பிளாஸ்டிக்கே இல்லை" என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொல்வார்கள்.

அப்படி ஒரு வீட்டில்தான் அது நடந்தது. அடுக்களை மேடையில் சிவப்பாக ஒரு புது மிக்சி. விலாசினிக்கு அன்று காலையில்தான் சொந்த மிக்சி நின்றுபோயிருந்தது. நாற்பத்துமூன்று வருஷக் காவலை மீறிக்கொண்டு நாக்கு புரண்டது. "மிக்சி கொள்ளாம்."

மறுநாள் மிக்சி புகைந்து செத்தது. காய்ந்த மஞ்சளை அப்படியே போட்டு அரைத்தால் எந்த மிக்சியும் சாகும். ஆனால் அடுத்த மாதம் அந்த வீட்டில் பிளாஸ்டிக் கவர்களெல்லாம் கழுவி, உலர்த்தி, துவைத்த துணிபோல மடித்து, வாசலில் தயாராக இருந்தன. வீட்டுக்காரி ஜன்னல் வழியாக, "எடுத்துக்கிட்டு போங்கோ, உள்ள வரண்டாம்" என்றாள்.

விஷயம் பரவியது. பச்சைக் கோட்டு தெருமுனையில் தெரிந்ததும் சாக்குகள் வெளியே வந்தன. தராத வீட்டில் விலாசினி வாயைத் திறக்கக்கூட வேண்டாம், முற்றத்தில் நின்று எதையாவது கொஞ்சம் அன்போடு பார்த்தாலே போதும். மூன்று மாதத்தில் அவர்கள் வார்டு பஞ்சாயத்திலேயே முதலாவதாக வந்தது. விலாசினிக்கு அது வெட்கம்கெட்ட அளவுக்குப் பிடித்திருந்தது. சனங்கள் முகம் வெளுப்பதைப் பார்க்கும்போது வாய்க்குள் கருப்பட்டி கரைவதுபோல இருந்தது. ராத்திரி சாமி படத்தின் முன்னால் நின்று, "இது நல்லதுக்குத்தானே?" என்று கேட்பாள். சாமி பதில் சொல்லாததால் தானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். உயிருள்ள எதையும் பார்த்து அந்தச் சொல்லை நினைக்கவும் கூடாது. மனிதர், ஆடு, கோழி, குலை தள்ளிய வாழை, எதுவும் கூடாது. இல்லாதவன் வாங்கிய சாமானையும் தொடக்கூடாது. டைல்ஸ், டிவி, கேட், பெயிண்ட் போன்றவற்றைப் பற்றி ஆண்டவன் ஒன்றும் கவலைப்படமாட்டார் என்று அவளுக்குத் தோன்றியது.

இந்த ஏற்பாட்டுக்கு மசியாதவர் ஒருவர்தான். கிருஷ்ணன்குட்டி. துபாயில் கிரேன் ஓட்டிவிட்டு வந்து, இரண்டு மாடி கட்டி, வெள்ளைக் கார் ஒன்று வாங்கி, அதன் சீட்டில் கம்பெனிக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்காமல், காலையும் மாலையும் துடைத்துக்கொண்டிருக்கும் மனிதர். திருஷ்டிக்குப் பயந்து வீட்டு முகப்பில் ஒரு பொம்மை, ஒரு பூசணிக்காய், ஒரு கண்ணாடி, ஒரு கள்ளிச்செடி என்று தொங்கவிட்டிருந்தார். விலாசினியைக் கண்டதும் பன்னிரண்டு பால் கவரைக் கழுவிக் கையில் கொடுத்துவிடுவார். மீதி எல்லாவற்றையும் சாயங்காலம் பின்மதில் ஓரத்தில் குவித்துத் தீ வைப்பார். "எனக்க பறம்பு, எனக்க பிளாஸ்டிக், எனக்க தீப்பெட்டி" என்று, தன் மனைக்குள் எரிப்பதை யாரும் கேட்கமுடியாது என்பது அவர் வாதம். விசாரிக்க வந்த அதிகாரி சாயா குடித்து, பழம்பொரி தின்றுவிட்டு, புகையைப் பார்க்காமலே போனார்.

அந்தப் பின்மதிலுக்கு அடுத்த பக்கம் செல்லபாயின் வீடு. ஷீட் போட்ட இரண்டு அறை. கல்யாணமாகி பதினோரு வருஷம் காத்திருந்து பிறந்த மகள் அபினாவுக்கு நாலு வயது, இழுப்பு. சாயங்காலம் புகை ஏறினால் ராத்திரி முழுக்க பிள்ளையின் நெஞ்சுக்குள் விசில் கேட்கும். செல்லபாய் ஜன்னலை மூடினாள், ஈரத்துணி தொங்கவிட்டாள், மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினாள். புகைக்கு இவை எதுவும் தெரியவில்லை.

மே மாதம் அந்தச் சனிக்கிழமை செல்லபாய் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வேலைக்கு வந்தாள். விடியவிடிய பிள்ளைக்கு மாஸ்க் வைத்து ஆவி கொடுத்திருந்தார்கள். இரண்டு பேரும் கிருஷ்ணன்குட்டி வீட்டுக்குப் போனார்கள். வழக்கமான பன்னிரண்டு பால் கவர் தயாராக இருந்தது. அப்போதுதான் உள்ளேயிருந்து சுமி வந்தாள். கிருஷ்ணன்குட்டியின் ஒரே மகள், பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் மாதம். இடுப்பில் ஒரு கை வைத்து, முகம் முழுக்க வெளிச்சமாக நின்றாள்.

விலாசினி பார்த்தாள். நாக்கு அரித்தது. சொல் முழுசாக வந்து பல்லுக்குப் பின்னால் நின்றது.

கிருஷ்ணன்குட்டி அதைக் கண்டுவிட்டார். இரண்டு கையையும் விரித்து, பஸ்ஸை மறிக்கிறவர்போல, மகளுக்கு முன்னால் பாய்ந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. செல்லபாய் விலாசினியின் முழங்கையைக் கிள்ளினாள். "சொல்லுங்கக்கா. ஒரே ஒரு வார்த்தை. இல்லேன்னா சொல்லுவேன்னு சொல்லுங்க. இவருக்க தீப்பெட்டி இன்னையோட தீரும்."

உண்மைதான், தீரும். விலாசினிக்கு அந்த வெளுத்த முகம் இனித்தது. இனித்தது என்று தெரிந்த நொடியில் அவளுக்குக் குமட்டவும் செய்தது. நாக்கை மடித்து அண்ணத்தோடு ஒட்டி, வாயை இறுக்கிக்கொண்டு, பால் கவரையும் வாங்காமல் திரும்பி நடந்தாள்.

சாலைக்கு வந்ததும் செல்லபாய் சாக்கைக் கீழே போட்டாள். "எனக்க பிள்ளை மூச்சு முட்டி கிடக்கு. உங்களுக்கு அவருக்க பிள்ளைதான் பெருசாக்கும்!"

"வயித்துப் பிள்ளைட்டி அது. அதுக்கு என்ன தெரியும்?"

"அபினாவுக்கு மட்டும் என்ன தெரியும்?"

செல்லபாய் எதிர்ப்பக்க வீடுகளை ஒற்றையாகப் பார்க்கப் போய்விட்டாள். அன்று முழுக்க அவர்கள் சாலையின் இரண்டு பக்கமாகவே நடந்தார்கள். விலாசினிக்கு அழுகை வந்தது.

மறுநாள் சாயங்காலம், கனகதாஸ் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியுமாக உட்கார்ந்திருக்கும்போது, கிருஷ்ணன்குட்டியின் மனைவி விஜயம்மா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"விலாசினி, நேத்து நீ ஒண்ணும் பறையாம போனியே, என்னத்துக்கு?"

"பறைஞ்சாத்தானே குத்தம்?"

"பறைஞ்சிருந்தா இவ்வளவுதான்னு தெரிஞ்சிருக்கும். நீ வாயைப் பொத்திக்கிட்டு ஓடினா, அது எவ்வளவு பெரிய வார்த்தைன்னு நாங்க எப்படி அறிய? சுமி ராத்திரி உறங்கல்ல. பிரஷர் கூடிப்போச்சு. ஒரு நல்ல வாக்கு சொல்லிட்டு வா, தாயே."

நல்லதுக்கு வாயை மூடினால் அதுவும் இப்படி முடியுமா என்று விலாசினி திகைத்தாள். கனகதாஸ் மீன்முள்ளை எடுத்துவிட்டு, இருபத்தெட்டு வருஷத்தில் முதல்முறையாக ஒரு ஆலோசனை சொன்னான். "கண்டிஷன் வை. தீ வைக்கப்படாதுன்னு சொல்லு. அப்புறம் போ."

எவ்வளவு சுலபமான வழி! விலாசினி ஒரு நிமிஷம் அதில் நின்று குளிர்காய்ந்தாள். கிருஷ்ணன்குட்டியைக் கையெழுத்தே போடவைக்கலாம். ஆனால் அதற்கு அந்தப் பெண்ணின் பயத்தை இன்னும் ஒரு மணி நேரமாவது உயிரோடு வைத்திருக்கவேண்டும். ஒரு பிள்ளையின் மூச்சை வாங்க இன்னொரு பிள்ளையைப் பணயம் வைப்பதா? அவள் செருப்பை மாட்டினாள். "வாங்கோ போவோம். கண்டிஷன் ஒண்ணும் இல்லை."

சுமி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விலாசினியைக் கண்டதும் வயிற்றைக் கையால் மூடினாள். விலாசினி பக்கத்தில் போய் உட்கார்ந்து, "போன்ல டார்ச்சு உண்டா மக்கா? அடி" என்றாள். பிறகு, வாழ்நாளில் யாருக்கும் செய்யாத காரியமாக, வாயை அகலத் திறந்து நாக்கை நீட்டினாள்.

சுமி முதலில் தலையைப் பின்னால் இழுத்தாள். பிறகு குனிந்து பார்த்தாள். "இவ்வளவுதானா சேச்சி? ஒரு நல்லமிளகு அளவுதானே இருக்கு!"

"அவ்வளவுதான். எனக்க மகனை நான் தினம் முத்தே, அழகேன்னு பறைஞ்சாக்கும் வளத்தேன். கரிநாக்கு பலிக்குமானா அவன் மெலிஞ்சு போயிருக்கணும். இப்போ தொண்ணூறு கிலோ. கட்டிலு ஒடிஞ்சுபோச்சு."

சுமிக்குச் சிரிப்பு வெடித்தது. வயிறு குலுங்கியது. "அப்போ ஒரு நல்ல வாக்கு பறையுங்கோ."

"பறையமாட்டேன். பலிச்சா எனக்க நாக்குன்னு சொல்லுவாங்க. பிள்ளையப் பெறுறது நீ. பேரு எனக்கு என்னத்துக்கு?"

அந்த ராத்திரி பிரஷர் இறங்கிவிடும் என்பது முகத்திலேயே தெரிந்தது. விலாசினி நிம்மதியோடு எழுந்து வெளியே வந்தாள். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த கிருஷ்ணன்குட்டிக்கு அதைவிட நிம்மதி. முதுகெலும்பு திரும்பக் கிடைத்தவர்போல நிமிர்ந்து நின்றார்.

"அப்போ ஒண்ணும் இல்லையாக்கும்! வெறும் மச்சம்! நான் இத்தனை நாளு பால் கவர் கழுவினது மிச்சம்!" என்று சொல்லிவிட்டு, அவள் முற்றத்தைத் தாண்டும் முன்பே தீப்பெட்டியைக் குலுக்கிக்கொண்டு பின்மதிலுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் கருப்பாகப் புகை எழுந்து மதிலைத் தாண்டியது. அந்தப் பக்கம் ஜன்னல் ஒன்று சடாரென்று மூடியது. அபினா இருமினாள். ஒருமுறை இல்லை, மூச்சு எடுக்க இடமில்லாமல் தொடர்ந்து இருமினாள்.

விலாசினி கேட்டில் கை வைத்தபடியே நின்றாள். கையிலிருந்த ஒரே ஆயுதத்தை இப்போதுதான் உள்ளே போய்ப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். நல்லவளாக இருந்ததற்குக் கூலி இந்த இருமல்தானா? கோபம் அடிவயிற்றிலிருந்து வந்தது. அதன் பின்னாலேயே அந்தப் பழைய குறும்பும் வந்தது. இந்தத் தடவை அவள் அதை விரட்டவில்லை. வா என்றாள்.

திரும்பி, போர்டிகோவில் நின்ற வெள்ளைக் காரின் முன்னால் போய் நின்றாள். அது உயிருள்ளது இல்லை. இல்லாதவன் வாங்கியதும் இல்லை. சட்டம் இடம் கொடுத்தது. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கோயிலை வலம் வருவதுபோல மெதுவாகக் காரைச் சுற்றினாள். கண்ணாடி வழியே உள்ளே பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

"அண்ணா!" என்று கூப்பிட்டாள். "நான் உள்ள சொன்னது மனுசருக்காக்கும். மனுசருக்குப் பலிக்காது. சாமானுக்கு எப்படின்னு நான் ஒண்ணும் சொல்லல்லியே. அந்த மிக்சிக்கு என்ன ஆச்சு?"

கிருஷ்ணன்குட்டி கையில் கம்போடு ஓடிவந்தார். "அங்க என்னத்துக்கு நிக்கிய?"

"சும்மா பாக்குறேன். என்ன ஒரு வெள்ளை! கீறல் ஒண்ணு இல்லை. சீட்டுக்க கவர்கூட பிரிக்கல்லியே. எனக்க கண்ணு உள்ள போச்சு அண்ணா." விலாசினி நாக்கை நன்றாக வெளியே காட்டி, உதட்டை நனைத்துக்கொண்டாள். மச்சம் சாயங்கால வெயிலில் தெரிந்தது. "எனக்க நாக்கு அரிக்கு. கொள்..."

"தங்கச்சி!"

"கொள்..."

"எனக்க பொன்னு தங்கச்சி, மீதியைப் பறையாண்டாம்!"

கிருஷ்ணன்குட்டி வாளியோடு பின்பக்கம் ஓடியது, அறுபத்துமூன்று வயதில் ஒருவர் ஓடிய நல்ல ஓட்டங்களில் ஒன்று. மூன்று வாளித் தண்ணீர். சீறிக்கொண்டு தீ அணைந்தது. மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "அணைச்சாச்சு. அந்தப் பாதியை விழுங்கிரு" என்று கும்பிட்டார்.

"விழுங்கமாட்டேன். வாயிலயே வச்சிருப்பேன். இந்த மதிலுக்க மேல புகை காணாத வரை அது அங்கயே கிடக்கும். கண்டா மீதியும் வரும். இனி அந்த சீட்டு கவரைப் பிரியுங்கோ. அதும் பிளாஸ்டிக்குத்தானே?"

பிரித்தார். கிழியாமல் பிரித்து, மடித்து, அவள் கையில் கொடுத்தார். அந்த முகம் வெளுத்தபோது விலாசினிக்கு இனித்தது. இந்தத் தடவை குமட்டவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் மட்டும் மனசாட்சி ஒரு கேள்வி கேட்டது. மனிதருக்குப் பலிக்காது, சாமானுக்குப் பலிக்கும் என்று இரண்டு சொல்லியிருக்கிறாளே, இதில் எது பொய்? அவளுக்கும் தெரியவில்லை. தெரியாததைப் பொய் என்று எப்படிச் சொல்வது என்று மனசாட்சியைச் சமாதானப்படுத்தினாள். அது அரைமனதோடு ஒத்துக்கொண்டது.

எட்டு நாள் கழித்து சுமிக்குப் பெண்குழந்தை பிறந்தது. அதே எட்டு நாளும் மதிலுக்கு மேல் புகை இல்லை. அபினா ராத்திரி உறங்கினாள். ஒன்பதாம் நாள் காலை செல்லபாய் சாலையின் இந்தப் பக்கத்துக்கு வந்து, ஒன்றும் சொல்லாமல் விலாசினியின் சாக்கின் மறுமுனையைப் பிடித்தாள். செல்லபாய் ஒன்றும் சொல்லாமல் இருந்த ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

குழந்தையின் இருபத்தெட்டாம் நாள், இடுப்பில் நூல் கட்டும் சடங்குக்கு விலாசினியைப் பேர் சொல்லி அழைத்திருந்தார்கள். ஒரு நல்ல காரியத்துக்கு அவளை முன்வரிசையில் உட்கார அழைத்தது அதுதான் முதல் தடவை. அவள் பழக்கப்படி தரையைப் பார்த்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். மதிலில் ஏறி உட்கார்ந்திருந்த அபினா நாவல்பழம் தின்று நாக்கைக் கருநீலமாக்கியிருந்தாள். அதைக் கிருஷ்ணன்குட்டிக்கு நேரே நீட்டி, "மாமோய், காரு கொள்ளாம்!" என்று முழு மூச்சில் கத்தினாள். கிருஷ்ணன்குட்டி காருக்குக் குறுக்கே போய் நின்றார்.

சிரிப்பு அடங்கியதும் சுமி குழந்தையைக் கொண்டுவந்து விலாசினியின் மடியில் வைத்தாள். கன்னத்தில் திருஷ்டிக்காக வைத்த கருப்புப் பொட்டு, நல்லமிளகு அளவில். "சேச்சி, இனியாவது ஒண்ணு பறையுங்கோ."

விலாசினி குழந்தையைப் பார்த்தாள். குழந்தை அவளைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அவள் நாக்கின் நுனியைக் கவனித்தாள். காத்திருந்தும் பார்த்தாள். அரிப்பு இல்லை. பொறாமை இருக்கவேண்டிய இடத்தில் என்னவோ பஞ்சுபோல இருந்தது. சொல் தானாகவே வந்தது.

"கொள்ளாம்" என்றாள். முழுசாக.

பின்வரிசையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். கிருஷ்ணன்குட்டி காரின் பானெட்டில் கை வைத்தபடி, "யாரைச் சொன்ன தங்கச்சி? பிள்ளையையா, காரையா?" என்று கேட்டார்.

"பிள்ளையைத்தான் அண்ணா. காருக்கு வச்ச பாதி இப்பவும் வாயில கிடக்கு."

சொல்லிவிட்டு விலாசினி சிரித்தாள். வாயைத் திறந்து, மச்சம் எல்லோருக்கும் தெரியச் சிரித்தாள்.